மாப்பிள்ளைக்கு வாங்கிய வண்டியின் பின் டயர்

பஞ்சர் கடை பாய் ஹஜ்ஜுக்குக் கிளம்பிய அன்று பழவேற்காடு கடைத்தெருவே வழியனுப்ப நின்றது. நானும் நின்றேன். அவர் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து, "தெரிஞ்சோ தெரியாமலோ எதுனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க" என்றார். என்னிடம் வந்தபோது, "பின் டயர் தேஞ்சி மொட்டையா கீதும்மா, பாத்து ஓட்டு" என்றும் சேர்த்துச் சொன்னார். தலையாட்டினேன். திரும்பி வர நாற்பது நாள் ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நாற்பது நாளும் ஊரில் யாருடைய சக்கரத்திலும் காற்று இறங்கக் கூடாது என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு கடையும் இருந்தது. அந்தக் கடைக்காரர் சைக்கிளுக்கு மட்டும்தான் பஞ்சர் ஒட்டுவார். மோட்டார் சைக்கிள் என்றால் காற்றுப் பிடித்துவிடுவதோடு சரி. "கழட்டிட்டு மாட்டத் தெரியலன்னா ஊர் சிரிக்கும், எனக்கு எதுக்கு?" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் நேர்மையை வைத்து வண்டி ஓட்ட முடியாது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து கோட்டைக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து போகும் பெரிய விசைப்படகில் வேலை பார்த்தார். கடலுக்குப் போனால் பத்து, பன்னிரண்டு நாள் ஆளைப் பார்க்க முடியாது. மாமனார் ஏரியில் வலை போடுபவர். மாமியார் நான் வருவதற்கு முன்பே தவறிவிட்டார். மீதி இருந்தது என் நாத்தனார். வீட்டில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. பாப்பா என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனாலும் முறைக்கு இளையவள் என்பதால் என்னை அண்ணி என்பாள். "அண்ணி" என்று சொல்லும்போதெல்லாம் அதில் ஒரு சின்னக் குறும்பு இருக்கும்.

எனக்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் குப்பத்துப் பெண்கள் விடியற்காலையில் ஏரியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். நண்டு உயிரோடு போனால்தான் நண்டு. கால்களைக் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, கூடையோடு வண்டியில் வைத்துப் பொன்னேரி ஸ்டேஷனுக்கு நான் கொண்டுபோவேன். அங்கே ஒருவர் வாங்கி ரயிலில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போவார். பஸ்ஸில் கொண்டுபோகலாம்தான். ஆனால் ஒருமுறை சாக்கிலிருந்து நழுவிய நண்டு ஒரு பெரியவரின் வேட்டியைக் கவ்விய நாளிலிருந்து அந்தத் தடத்துக் கண்டக்டர்கள் என் கூடையைப் பார்த்தாலே விசில் ஊதிவிடுவார்கள்.

அந்த வண்டிக்கு ஒரு கதை உண்டு. அது உண்மையில் பாப்பாவின் கல்யாணத்துக்கு வாங்கிய வண்டி. மாப்பிள்ளைக்கு என்று மாமனார் பொன்னேரியில் வாங்கி, மாலை போட்டு, ஓட்டத் தெரியாததால் ஒருவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து ஊருக்குள் கொண்டுவந்தாராம். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு மாப்பிள்ளை வண்டியைப் பார்க்க வந்தார். ஏறி உட்கார்ந்தார். ஹாரன் அடித்தார். இறங்கி, "சிவப்புதான கேட்டேன்? இது கருப்பு. மாத்தி வாங்கினு வந்துடுங்க" என்று, தெருவே வேடிக்கை பார்க்க, மாமனாரிடம் சொன்னார். மாமனார் சரி என்று தலையாட்டினார். உள்ளே இருந்து பாப்பா வெளியே வந்தாள். "கலரும் மாத்த வேணாம், ஒண்ணும் மாத்த வேணாம். நீங்க கெளம்புங்க" என்றாள். அவ்வளவுதான், கல்யாணம் நின்றது.

இதெல்லாம் நான் வருவதற்கு முன்பு நடந்தது. நான் வந்தபோது அந்த வண்டி கொல்லைப் பக்கம் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. வீட்டுக்காரர் மாதத்தில் பாதி நாள் கடலில். நான்தான் தார்ப்பாயை விலக்கி, துடைத்து, ஏரிக்கரைத் திடலில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். மாமனார் தடுக்கவில்லை. பாப்பாவும் தடுக்கவில்லை. ஆனால் நான் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அதில் ஏறி உட்கார்ந்ததே இல்லை. அதன்மேல் துணிகூடக் காயப்போட மாட்டாள். நானும் கேட்டதில்லை.

பாய் போன பத்தொன்பதாவது நாள், சனிக்கிழமை மத்தியானம், பொன்னேரியில் நண்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் வாலாட்டியது. இறங்கிப் பார்த்தேன். டயரில் ஒரு கையகலத்துக்கு நூல் தெரிந்தது. அதன் வழியாக ஒரு முள் உள்ளே போயிருந்தது. நல்லவேளை, ஊர் பக்கத்தில்தான். வெயிலில் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

புது டயர் வீட்டில் இருந்தது. போன முறை வந்தபோது வீட்டுக்காரர் சென்னையில் வாங்கிவந்து, "பாய் வந்ததும் போட்டுக்கலாம்" என்று சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுக் கடலுக்குப் போயிருந்தார். பார்க்க ஏதோ சாமி படம் மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்குபவர் வரமாட்டார். ஆக, எனக்கு ஒரு பகல் இருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு பெண்களின் நண்டு போயாக வேண்டும்.

ஞாயிறு காலையில் ஷேர் ஆட்டோவில் பாலத்தைத் தாண்டி என் அம்மா வீட்டுக்குப் போனேன். என் அண்ணனிடம் படகு எஞ்சினுக்கான ஸ்பானர் பை இருந்தது. தட்டையான இரண்டு இரும்புப் பட்டைகளும் இருந்தன, டயரை நெம்ப. ஒரு கைப்பம்பும் இருந்தது.

"எதுக்கு உனக்கு?"

"டயர் மாத்தப் போறேன்."

அண்ணன் சிரித்தார். "வீட்டுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நானும் பாக்கறேன்" என்றார். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் நான் சக்கரத்தை மட்டும் கழற்றிப் பஸ்ஸில் பொன்னேரிக்குக் கொண்டுபோயிருப்பேன். அந்த யோசனை எனக்கு இருந்தது. சிரிப்பைக் கேட்ட பிறகு இல்லை.

வாசல் புங்கமர நிழலில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். பாய் கழற்றும்போது எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிரேக் கம்பியின் நட்டைக் கழற்றினேன். அச்சின் நட்டு அசையவில்லை. ஸ்பானரின் மேல் ஏறி நின்றேன். அது ஒரு முறை கத்திவிட்டுச் சுழன்றது. அச்சை உருவினேன், ஏதோ ஒன்று டக்கென்று கீழே விழுந்தது, சக்கரம் என் மடியில் சாய்ந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. கழற்றியதையெல்லாம் ஒரு பழைய பேப்பரில் வரிசையாக வைத்தேன். வரிசையாக வைத்தேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

டயர் அதோடு கழன்று வந்துவிடவில்லை. அதன் விளிம்பு இரும்பு வளையத்தோடு ஒட்டிப்போயிருந்தது. உப்புக்காற்றில் நான்கு வருடம் கிடந்த இரும்பு. துருவும் ரப்பரும் ஒன்றாகிவிட்டிருந்தன. சக்கரத்தைப் படுக்கவைத்து டயரின் மேல் ஏறி நின்றேன். குதித்தேன். மறுபக்கம் போய்க் குதித்தேன்.

அடுப்படி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் முடியாமல் சத்தமாகவே சிரித்துவிட்டாள்.

"இன்னா அண்ணி, டயர் மேல கூத்து ஆடறியா?"

"சிரிக்கிறவங்க வந்து ஆடிப் பாக்கலாம்."

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் என்னையும் சக்கரத்தையும் பார்த்தாள். இறால் தட்டை மூடி வைத்தாள். கையைக் கழுவினாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, என் எதிரே, டயரின் மேல் ஏறினாள். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று குதித்தோம். டயர் அசையவில்லை. எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பும் வந்தது.

அந்த நேரத்தில் ஒரு வேன் வந்து புங்கமரத்தின் மறுபக்க நிழலில் நின்றது. எங்கள் வீடு டச்சுக் கல்லறைக்குப் போகிற வழியில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை இது வழக்கம். சென்னையிலிருந்து வருவார்கள், வழி கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள், போவார்கள். வேனிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. முன்னால் வந்தவர் நல்ல ஆகிருதி. தொப்பி, கழுத்தில் கேமரா.

"இந்த ரெண்டு எலும்புக்கூடு சிலை இருக்கிற கல்லறைக்கு எப்படிம்மா போகணும்?"

"நேரா போங்க சார். கேட்டுலயே ரெண்டு பேரும் நின்னுனு இருப்பாங்க" என்றாள் பாப்பா.

அவர் போகவில்லை. இரண்டு பெண்கள் டயரின் மேல் நிற்பதைப் பார்த்து, "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். நான் சரி என்று தலையை ஆட்டப் போனேன். பாப்பா என் தோளிலிருந்து கையை எடுக்காமலே அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள்.

"எடுத்துக்குங்க சார். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு உதவி. தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் இதுமேல ஏறி நிக்கிறீங்களா?"

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அவருடைய மனைவி வேனில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "ஏறுங்க, ஏறுங்க. இத்தனை வருஷம் சாப்பிட்டதுக்கு இன்னைக்குத்தான் ஒரு பிரயோஜனம் வந்திருக்கு" என்றார். அவர் கேமராவை மனைவியிடம் கொடுத்தார். ஷூவைக் கழற்றினார். என் தோளில் ஒரு கை, பாப்பாவின் தோளில் ஒரு கை வைத்து, மிகவும் மரியாதையாக, ஒரு காலைத் தூக்கி டயரின் மேல் வைத்தார். இரண்டாவது காலையும் வைத்தார்.

படார் என்று ஒரு சத்தம். டயரின் விளிம்பு வளையத்தை விட்டு உள்ளே இறங்கியது. அவர் பயந்து, "உடைச்சிட்டேனா?" என்றார். நாங்கள் கைதட்டினோம். சக்கரத்தைத் திருப்பிப்போட்டோம். இந்த முறை அவர் கேட்காமலே ஏறினார். மறுபக்கமும் விட்டது. அப்புறம் போட்டோ எடுத்தார்கள். ஆனால் அதில் டயரின் மேல் நின்றது அவர்தான். நாங்கள் இரண்டு பக்கமும் நின்றோம். கல்லறைக்கு நடந்து போகும்போது அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

பட்டைகளைக் கொடுத்து நெம்பினோம். பழைய ட்யூபை உருவினோம், பழைய டயரைக் கழற்றினோம். வளையத்தின் உள்ளே இருந்த துருவைப் பாப்பா தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பாத்திரம் மாதிரி ஆக்கினாள். "போதும்" என்றாலும் விடமாட்டாள். வீட்டில் அவள் தேய்த்த குண்டானில் முகம் பார்க்கலாம். அதே கைதான். புது டயரோடு வந்த புது ட்யூபை உள்ளே வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, நான் அவசரமாக நெம்பினேன். கடைசி முழத்துக்கு டயர் உள்ளே போக மறுத்தது. பல்லைக் கடித்து இழுத்தேன். போய்விட்டது. பம்ப் வைத்து அடித்தால் ஒரு பக்கம் அடிக்க அடிக்க, மறுபக்கம் உஸ் என்று போகிறது. பட்டை ட்யூபைக் கடித்துவிட்டிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன் பிறந்த ட்யூப்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ட்யூபுக்காக இல்லை. போட்டோ எடுத்து அனுப்பு என்று அண்ணன் சொன்னது காதில் கேட்டது.

"நீ எழுந்துரு அண்ணி" என்றாள் பாப்பா. "தண்ணி குடி. நான் பாக்கறேன்."

அவள் திரும்பவும் டயரை நெம்பித் திறந்து ட்யூபை வெளியே எடுத்தாள். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். வண்டியின் பக்கப் பெட்டியில் ஒட்டுப்போடும் சாமான் இருந்தது. தேய்த்து, பசை தடவி, அது காய்கிற வரை தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நானாக இருந்தால் அதற்குள் மூன்று முறை தொட்டுப் பார்த்திருப்பேன்.

அப்படிக் காத்திருந்த நேரத்தில்தான் கேட்டேன். இரண்டு வருடமாகக் கேட்காததை அவள் கையில் பசை இருந்த தைரியத்தில் கேட்டேன்.

"பாப்பா, இந்த வண்டி மேல உனக்கு இன்னா கோவம்?"

"கோவமா? வண்டி மேலயா?" அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "வண்டி இன்னா பண்ணுச்சி பாவம்."

"அப்போ ஏன் கிட்டயே வரமாட்ட?"

அவள் ட்யூபின் மேல் ஊதினாள். "நைனா இத இட்டுனு வந்தப்போ நீ பாக்கல அண்ணி. பின்னாடி உக்காந்துனு, மாலையைப் புடிச்சினு, தெருவுல இருக்கிற எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்ட்டுனு வந்தாரு. அவரு அப்டி கத்தி நான் பாத்ததே இல்ல. மூணு நாள்ல எல்லாம் போச்சி. அவன வேணாம்னு சொன்னது சரிதான், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நைனா அப்புறம் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடனாரு பாரு, அத பாக்க முடியல. நான் கிட்ட வந்தா அவருக்கு அந்த ஞாபகம் வரும்னு தள்ளியே போய்ட்டேன். அப்டியே பழகிடுச்சி."

நான் ட்யூபைக் குனிந்து பார்த்து, "காஞ்சிடுச்சா?" என்றேன்.

"காஞ்சிடுச்சி" என்றாள். ஒட்டை வைத்து அம்மிக் குழவியால் தட்டினாள். ட்யூபில் கொஞ்சம் காற்று அடித்து உருண்டையாக்கி உள்ளே வைத்தாள். நெம்பும்போது நான் செய்தது போலவே கடைசி முழத்தில் வந்து நின்றது. ஆனால் அவள் இழுக்கவில்லை. பட்டையை அப்படியே வைத்துவிட்டு யோசித்தாள்.

"அண்ணி, தலகாணிக்கு உறை போடறப்போ இன்னா பண்ணுவோம்? அந்த முனைய நல்லா உள்ள தள்ளிட்டுதான இந்த முனைய இழுப்போம்?"

எதிர்ப்பக்கம் டயரை இரண்டு முழங்காலாலும் அமுக்கி வளையத்தின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளச் சொன்னாள். தள்ளினேன். இந்தப் பக்கம் டயர் நெகிழ்ந்து கொடுத்தது. கடைசித் துண்டைப் பட்டையே இல்லாமல் இரண்டு கட்டைவிரலாலும் உள்ளே அமுக்கினாள். அவ்வளவு சுலபம். பம்ப் அடித்தோம். உஸ் இல்லை. காதை வைத்துக் கேட்டோம், கன்னத்தை வைத்துப் பார்த்தோம். இல்லவே இல்லை.

சக்கரத்தை மாட்டி, அச்சைச் செருகி, நட்டை முடுக்கி, பிரேக் கம்பியையும் கோத்தோம். சக்கரம் கொஞ்சம் இடது வலதாக ஆடியது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். பாப்பா அதை இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தாள். அப்போதுதான் மாமனார் ஏரியிலிருந்து வந்தார். தோளில் வலை. எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அவர் பார்த்தது வண்டியை இல்லை. வண்டிக்குப் பக்கத்தில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கை வரை கிரீஸோடு இருந்த பாப்பாவை. பாப்பாவும் எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த ஸ்பானரை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

மாமனார் வலையை இறக்கி வைத்தார். கிட்டே வந்தார். குனிந்து பேப்பரின் மேலிருந்து எதையோ எடுத்தார். விரல் கனத்தில் ஒரு சின்ன இரும்புக் குழாய்த் துண்டு.

"இது இன்னாது?"

"அது பழசு மாமா" என்றேன் சட்டென்று.

"பழசு இல்ல நைனா, மிச்சம்" என்றாள் பாப்பா. "அண்ணி எங்கயோ மாட்ட மறந்துட்டாங்க. அதான் சக்கரம் ஆடுது."

அச்சை உருவியபோது டக்கென்று கீழே விழுந்தது அதுதான். எங்கிருந்து விழுந்தது என்று பார்க்காமல் எடுத்து வைத்துவிட்டிருக்கிறேன். மாமனாருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. அவருடைய படகில் எஞ்சின் கிடையாது, கழியால் தள்ளுவதும் பாய்மரத்தில் காற்று வாங்கிப் போவதும்தான். ஆனாலும் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "கழட்டுங்க. எங்க போவுதுனு பாக்கலாம்" என்றார்.

திரும்பக் கழற்றினோம். அச்சில் துரு இல்லாமல் பளபளவென்று ஒரு விரல் அகலத்துக்கு ஒரு தடம் இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அந்தக் குழாய் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்த இடம். அங்கே வைத்து முடுக்கினோம். சக்கரம் ஆடவில்லை. பாப்பா சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். மூன்று பேரும் அது தானாக நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மாமனார் எழுந்து, வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வாசற்படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார்.

"கருப்பு நல்ல கலருதான்" என்றார்.

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் கிரீஸ் அப்பியிருந்தது. மூடி வைத்த இறால் நினைவுக்கு வந்து எழுந்து ஓடினாள். அன்றைக்கு நாங்கள் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டபோது நாலு மணி.

திங்கட்கிழமை காலை கூடையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா தலைசீவி, செருப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வரேன். வழில டயர் எதுனா ஆச்சினா நீ ஒண்டியா இன்னா பண்ணுவ?"

அவள் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து டயரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் சாய்ந்த பக்கமெல்லாம் வண்டி சாய்ந்தது. "நேரா உக்காரு, நம்மள விட அது நல்லாத்தான் ஓடுது" என்று நான் மூன்று முறை கத்தவேண்டியிருந்தது. நண்டு உயிரோடு போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷன் எதிரில் இட்லி சாப்பிட்டோம்.

ஸ்டாண்டில் வண்டிக்கு டோக்கன் கொடுப்பவர் புது டயரைத் தட்டிப் பார்த்தார். "யாரும்மா போட்டது? அம்புக்குறி அந்தப் பக்கம் பாக்குது பாரு. திருப்பிப் போட்டுக்கீறாங்க" என்றார்.

டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று காட்டுவதற்காம். எங்கள் டயர் சென்னைக்குப் பதிலாக ஆந்திராவுக்குப் போவது போல ஓடிக்கொண்டிருந்தது. நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "எந்தக் கடைல போட்டதோ தெரியல, இனிமே அந்தக் கடைக்குப் போகக் கூடாது அண்ணி" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கழற்றித் திருப்பிப் போட்டோம். இந்த முறை உலையில் அரிசி போட்டுவிட்டு ஆரம்பித்தோம். சாதம் வடிப்பதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்ததும் ஆணியில் டயர் இல்லாததைப் பார்த்து, "பாய் வந்துட்டாரா?" என்றார். இல்லை என்றோம். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, நட்டுகளைத் தொட்டுப் பார்த்து, கடைசியில் கொஞ்சம் தூரம் ஓட்டியும் பார்த்தார். இறங்கியவர் முன் டயரைக் காட்டி, "இதுவும் தேஞ்சிதான் போயிருக்கு" என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

கோடையில் ஏரி வற்றிய திடலில் பாப்பா ஓட்டக் கற்றுக்கொண்டாள். நான் பின்னால் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இரண்டாம் நாளே அவள் என்னைவிட நன்றாக ஓட்டினாள். கொஞ்ச காலத்தில் பொன்னேரியில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் நண்டையும் அவளே ஸ்டேஷனில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனாள். எனக்குக் காலை நேரம் மிச்சமாயிற்று. வண்டிதான் இல்லாமல் போயிற்று. ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் அவளை நன்றாகத் திட்டியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பொன்னேரியிலிருந்து வீடு திரும்பும் வழியில், மெதூரிலிருந்து போன் செய்தாள். பின் சக்கரம் பஞ்சர். நான் பதறிப்போய், "அங்கயே இரு, ஆட்டோ புடிச்சினு வரேன்" என்றேன்.

"நீ எதுக்கு வர? பட்டையும் பம்பும் பெட்டிலயே வச்சிருக்கேன். சோறு வச்சிட்டு இரு அண்ணி, அரை மணில வந்துருவேன்."

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். முழங்கால் வரை சேறு, தலையெல்லாம் ஈரம். மழையில் பசை காயவே இல்லையாம், துப்பட்டாவால் மூடிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாளாம். அதுவரை நானும் மாமனாரும் சாப்பிடவில்லை. சோறு ஆறியிருந்தது. குழம்பை மட்டும் சுடவைத்து, மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.